வாய் எந்தப் பக்கம்

1940 பெப்ரவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வெள்ளவத்தைக்குப் போய் வந்தேன். ட்ராமில் கோட்டை, அங்கிருந்து கரையோர ரயில். குடை கொண்டுபோகாதது என் முட்டாள்தனம். தலை இன்னும் கொதிக்கிறது.

போன காரணம் மருந்து கலக்கிக் கொடுக்கும் அப்போதிக்கரி நிலாம். கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் மருந்துச்சாலை வைத்திருக்கிறவர். சனம் டொக்டர் என்கிறது, அவர் ஒவ்வொரு முறையும் "டொக்டர் இல்ல, அப்போதிக்கரி" என்று திருத்துகிறார். போன மாதம் மருந்துப் போத்தல் லேபல் அடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்தார். நான் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, கல்லின் மேல் குனிந்து, இஞ்சிச் சோடா லேபலுக்கு எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கால் மணித்தியாலம் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார். கல்லில் கீறிக் கடதாசியில் ஒற்றி எடுப்பது கல்லச்சு, அதில் எதையும் திருப்பித்தான் போட வேண்டும். கல்லில் இடம் என்றால் கடதாசியில் வலம். "கண்ணாடிக்குள்ள பாத்து எழுதின மாதிரி ஈக்குதே!" என்றார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. இப்போது நேராக எழுதுவதுதான் எனக்குச் சிரமம்.

அவருக்கு ஒரு கடல் நத்தை ஓட்டின் படம் வேண்டுமாம். லண்டனில் ஒரு துரை, சிப்பிகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறவர், அவருக்கு அனுப்ப. போன நவம்பரில் சிப்பிகளையே பெட்டியில் போட்டு அனுப்பினார்களாம். யுத்தம். கப்பலோடு பெட்டியும் போய்விட்டது. இந்த இனத்தில் மிஞ்சியது ஒரே ஒரு ஓடு. அதனால் இனி ஓடு போகாது, படம்தான் போகும்.

சின்ன மருந்துக் குப்பியில் பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்தேன். பிறகு லென்ஸில் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

இதையெல்லாம் பொறுக்கி, தரம் பிரித்து, எழுதி வைத்திருப்பது அவரல்ல, மகள். பெயர் நளீபா. இருபத்தேழு வயது. பன்னிரண்டு வயதோடு பள்ளிக்கூடம் நிறுத்தி வீட்டில் இருத்தினார்களாம், அவர்கள் வழக்கம். வாப்பா கடற்கரை மணலை வாளியில் கொண்டுவந்து கொடுக்க, அவள் அரித்து, மைக்ரஸ்கோப்பில் பார்த்து, ஆறு வருடமாகக் கொப்பிகளில் எழுதுகிறாள். நூற்று நாற்பது இனங்கள். ஆங்கிலம் மருந்துப் புத்தகங்களில் படித்ததாம். வாசித்தால் தெரிகிறது, ஒவ்வொரு வசனமும் மருந்து கலக்கும் குறிப்பு மாதிரித்தான் இருக்கிறது.

நான் அவளைப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும். கொப்பியும் குப்பியும் உம்மா ஹமீமாவின் கையால் வந்தன.

பெப்ரவரி 18, ஞாயிறு

முதல் நாள் வேலை. மருந்துச்சாலை முன்னறையில் யன்னலோரம் ஒரு மேசை. ஓட்டை மெழுகில் குத்தி நிறுத்தினேன், கூர் மேலே, வாய் என்னை நோக்கி.

அவள் கொப்பியிலிருந்து: ஆறு சுற்று. உச்சியில் முதல் ஒன்றரைச் சுற்று வழுவழுப்பு, கண்ணாடி போல் தெளிவு. நத்தை குஞ்சாக இருந்தபோது கட்டியது அதுதான். அதன் கீழ் திடீரென்று நிமிர்ந்த வரம்புகள் தொடங்குகின்றன. கடைசிச் சுற்றில் பதினாறு. குறுக்கே மெல்லிய நூற்கோடுகள். வரம்பும் நூலும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணி. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையிலான பொருத்து ஆழம். பொருத்தின் கீழ் மண்ணிறப் பட்டி, வரம்புகளில் அறுந்து அறுந்து போகிறது. நிறம் பால் கூடிய தேத்தண்ணி. வாய் காதின் வடிவம். வெளி உதடு தடிப்பு, உள்ளே ஐந்து பற்கள்.

எண்ணிப் பார்த்தேன். வரம்பு பதினாறு சரி. பல் ஐந்து. ஐந்தின் கீழே, நிழலில், இன்னும் இரண்டு இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. ஆறு வருடமாகப் பார்க்கிறவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது? ஐந்தே போட்டேன்.

பெப்ரவரி 19, திங்கள்

கண் எரிகிறது. தங்கை செலீன் பன்னீர் விட்டாள்.

மார்ச் 3, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறு. வரம்புகள் முடிந்தன, மணிகள் பாதி. செலீன் கேட்கிறாள்: "ஊரிச் சிப்பி கீறுறதுக்கு ஒரு ஆள், அதைப் பாக்கிறதுக்கு ஒரு ஆள், எழுதிறதுக்கு ஒரு ஆள். உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையோ அண்ணா?" புருசன் செத்து என்னோடு வந்து இருக்கத் தொடங்கியதிலிருந்து இவள் கேட்கும் கேள்விகளுக்குக் கணக்கில்லை.

உண்மையில் எனக்கு அந்த மேசை பிடித்திருக்கிறது. கடல் காற்று. ஒரு மனிதரும் கதைப்பதில்லை. நான் கீறியவற்றில் ஒரு சோடாப் போத்தலிலும் ஒட்டாத முதல் படம் இது.

மார்ச் 13, புதன்

கடைசி நிழல்களை வீட்டில் வைத்துப் போட்டு முடித்து, படத்தை அச்சகத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். ஞாயிறு வெள்ளவத்தைக்கு எடுத்துப் போவதாக எண்ணம். பத்து மணிக்கு நிலாம் நானா வியர்க்க விறுவிறுக்க வந்தார். இப்போது அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுகிறேன். கப்பல் எப்போது போகும் என்று இப்போது யாரும் சொல்வதில்லை, யாரோ துறைமுகத்து ஆள் காதில் போட்டிருக்கிறான், பின்னேரம் தபால் கட்டுகிறார்களாம். "குடுங்கொ குடுங்கொ, நேரே பெரிய தபால் கந்தோருக்குத்தான் போற." மை காய்ந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. கொண்டு போய்விட்டார்.

"மகள் பாக்கவேண்டாமா நானா?"

"நீங்க கீறினதுல பாக்க என்ன ஈக்கு?"

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 24

உயிர்த்த ஞாயிறு. பூசையில் சனநெரிசல்.

ஜூன் 15, சனி

பாரிஸ் விழுந்துவிட்டது. அச்சகத்தில் அதே கதை. கப்பல்கள் இனி ஆபிரிக்காவைச் சுற்றித்தான் வருமாம். லண்டனுக்கு ஒரு கடிதம் போக இரண்டு மாதம், இரண்டரை மாதம். லேபல் கடதாசி தட்டுப்பாடு.

ஜூலை 14, ஞாயிறு

நிலாம் நானா கொட்டாஞ்சேனைக்கே வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது முதல் முறை. கையில் லண்டன் கடிதம், மே மாதம் போட்டது. உட்காரவும் இல்லை.

துரை எழுதியிருப்பதன் சாரம்: படம் மிக நுணுக்கம், குறிப்பு மிகத் தெளிவு. ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஓட்டின் திருப்பம். கூர் நுனியை மேலே பிடித்து வாயை எங்களை நோக்கித் திருப்பினால், இந்தக் குடும்பத்து நத்தைகள் எல்லாவற்றுக்கும் வாய் வலப்பக்கம் இருக்கும். படத்தில் உள்ளதற்கு இடப்பக்கம். அது ஒன்றே போதும், இது உலகம் அறியாத புது இனம். தன் சங்கத்து ஏட்டில் 'திருவாளர் என். நிலாம்' எழுதிய குறிப்பாகவே போடுவார். படத்துக்குக் கீழ் கீறியவர் பெயரும் வரும். இனத்துக்கு என்ன பெயர் வைப்பது, திருத்தங்கள் ஏதும் உண்டா, செப்டம்பர் முடிவதற்குள் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு அச்சுக்குப் போய்விடும்.

"இடப்பக்கம்! பாத்தீங்களா?" நானாவின் கண் கலங்கியிருந்தது. சங்கில் லட்சத்தில் ஒன்று இப்படி மாறித் திரும்பி வந்தால் சனம் வீட்டில் வைத்துக் கும்பிடும். "எங்கட வெள்ளவத்தை மணல்ல! என்ட மகள்ட கைல! அல்லாஹ்ட கிருபை."

செலீன் தேத்தண்ணி கொடுத்தாள். குறிப்பை எழுதியது மகள், திருவாளர் இல்லையே செல்வியல்லவா என்றாள். அதெல்லாம் பிறகு பார்ப்போம் என்றார்.

படத்துக்குக் கீழ் என் பெயர். இருபத்திரண்டு வருடத்தில் எந்த லேபலிலும் வந்ததில்லை.

ஏதோ ஒன்று இடறுகிறது. என்னவென்று பிடிபடவில்லை.

ஜூலை 15, திங்கள்

பிடிபட்டது.

பென்சில் நகல் என் அலுமாரியில் இருக்கிறது. காலையில் எடுத்துப் பார்த்தேன். வாய் இடப்பக்கம். சரியாகத்தான் இருக்கிறது என்று திரும்ப வைக்கப் போனேன். அப்போதுதான் — மெழுகில் நின்ற ஓடு எனக்கு நினைவு வந்தது. யன்னல் என் வலப்பக்கம். வெளிச்சம் நேரே வாய்க்குள் விழுந்தது. வாய் யன்னல் பக்கம்.

கை தானாகத் திருப்பிப் போட்டிருக்கிறது. கல்லில் போடுகிற மாதிரி. நாலு ஞாயிறு, ஒவ்வொரு வரம்பாக, ஒவ்வொரு மணியாக, நிதானமாகத் திருப்பியிருக்கிறது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திருப்பிப் போட்டதுதான் என் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், அதைவிட வேறு எதைப் பார்த்திருக்கிறேன் வாழ்க்கையில்?

உலகத்திலே இல்லாத நத்தை. நான் படைத்திருக்கிறேன்.

அடக் கடவுளே.

ஜூலை 17, புதன்

சொல்லத்தான் போயிருந்தேன். அதற்குள் நானா பதில் போட்டுவிட்டார். நேற்றே. தன் கையாலேயே எழுதி, இனத்துக்கு வெள்ளவத்தையின் பெயரை வைக்கும்படி. மகளுடைய விருப்பமாம் அது. மருந்து வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கடிதத்தைக் காட்டுகிறார். பள்ளிவாசலிலும் சொல்லியாகிவிட்டது. ஒரு சாரம் கட்டிய கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஞாயிறு சொல்லலாம்.

ஜூலை 21, ஞாயிறு

போகவில்லை. மழை.

ஜூலை 28, ஞாயிறு

மழையும் இல்லை. போகவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். யாருக்கு என்ன நட்டம்? ஓடு சின்னது. லண்டனில் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. யுத்தத்தில் பட்டணங்கள் எரிகின்றன, ஒரு நத்தையின் வாய் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? பன்னிரண்டு வயதோடு வீட்டுக்குள் இருந்தவளுக்கு ஒரு முறையாவது பெயர் அச்சில் வரட்டுமே. நான் சொன்னால் அதைப் பறித்தவன் ஆவேன்.

இதெல்லாம் நல்ல நியாயங்கள். என் பெயரைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனித்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நானா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். லண்டனுக்கு அடுத்ததாக இன்னொரு ஓட்டைக் கீற வேண்டுமாம். அது அல்ல எழுத வேண்டியது.

கடிதம் வந்த அன்றே நளீபா சொல்லியிருக்கிறாள்: "இல்ல வாப்பா, இதுட வாய் வலப்பக்கம்." நானா நம்பவில்லை. எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "லண்டன்ல ஈக்கிற மனிசனுக்குத் தெரியாததா? நீங்க ஒரு தொழிற்காரன், உங்கட கண்ணுக்குத் தெரியாததா? அவ மைக்ரஸ்கோப்புல பாக்கிறா. அது எல்லாத்தையும் மாத்தித்தான் காட்டும். நான் ஒரு எழுத்தைக் கீழ வெச்சுக் காட்டினேன், அது தலைகீழா நிக்குது. பாத்தியா மகள், உன்ட மைக்ரஸ்கோப் திருப்பிக் காட்டுது எண்டேன். அதுக்குப் பிறகு வாய் தொறக்கல்ல."

"இப்ப என்ன செய்யிறா?" என்று கேட்டேன்.

"கொப்பியெல்லாம் வெட்டிக்கொண்டு ஈக்கிறா. ஆறு வருசமா எழுதினது எல்லாம் பிழையாம். நூத்தி நாப்பதையும் முதல்ல இருந்து பாக்கணுமாம். சாப்பிடுறதும் ஒழுங்கா இல்ல. பைத்தியம்."

ஹமீமா கதவடியில் நின்று ஒரு கொப்பியைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மைக் கோடு. 'வலம்' என்று இருந்த இடமெல்லாம் வெட்டி 'இடம்?' என்று எழுதி, பிறகு அதையும் வெட்டி, கேள்விக்குறி மட்டும் விட்டிருந்தது. "நீங்க ஒருக்கா சொல்லுங்க தம்பி, ஒண்டும் யோசிக்க வேணாமெண்டு," என்றார்.

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தலைகீழ் வேறு, திருப்பம் வேறு. இது எனக்குத் தெரியும். கொழும்பில் இது தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதில் நான் ஒருவன். லேபலைத் தலைகீழாக வை: மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனால் வாசிக்கலாம். கல்லில் உள்ள லேபலை எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் வாசிக்க முடியாது. மைக்ரஸ்கோப் தலைகீழாக்குகிறது, அவ்வளவுதான். வலவாயை அது இடவாய் ஆக்காது. அவள் கண் பிழைக்கவில்லை. ஒரு வசனம். அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, தேத்தண்ணி குடித்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

செலீனிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்தாள்.

"அந்தப் பிள்ளை தன்ர கண்ணை நம்பாமல் கிடக்கிறா. நீர் உம்மட பேரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறீர்."

கோபம் வந்தால்தான் இவள் என்னை நீர் என்பாள். வெட்கமாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

முதல் பூசைக்குப் போய் நேரே வெள்ளவத்தை. பையில் ஒரு இஞ்சிச் சோடா லேபலும், கல்லில் உள்ளபடி திருப்பிக் கடதாசியில் போட்ட அதே லேபலும். நானா மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார், இருக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்றேன். உள்ளே வளையல் சத்தம் நின்றது.

இரண்டு லேபலையும் மேசையில் வைத்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டி, மைக்ரஸ்கோப் இதைத்தான் செய்யும் என்றேன். மற்றதைக் காட்டி, என் கை இதைச் செய்துவிட்டது என்றேன். எப்போது தெரியும் என்றார். ஜூலை பதினைந்து என்றேன்.

நானா குழவியைக் கல்வத்துக்குள் வைத்தார். பிறகு, "ஊரெல்லாம் சொல்லிப்போட்டேனே ஒஸ்வால்ட்," என்றார். எப்போதும் மிஸ்டர் ஒஸ்வால்ட் என்பவர், இன்று மிஸ்டர் இல்லை. "நாலு கிழமையா என்ட மூஞ்சியப் பாத்தீங்களே."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். நான் எதிர்பார்த்ததைவிடக் கனமான குரல்.

"அப்ப நான் பாத்தது சரிதானே?"

"ஓம் பிள்ளை. சரி. வலப்பக்கம்தான்."

"எல்லாமே?"

"மற்றதுகளை நான் பாக்கேல்லை. ஆனா மைக்ரஸ்கோப்பால ஒண்டும் மாறியிராது. நீங்கள் எழுதினபடியேதான் இருக்கும்."

அவ்வளவுதான் கேட்டாள். லண்டனைப் பற்றி, ஏட்டைப் பற்றி, பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கொப்பிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ஹமீமா அழுதார் என்று நினைக்கிறேன், அல்லது மூக்கைச் சிந்தினார்.

நானா வாசல்வரை வரவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

தந்தி அடிக்கலாம் என்று அரை நாள் லீவு போட்டுத் தந்திக் கந்தோருக்குப் போனேன். 'படம் இடம், ஓடு வலம், அச்சடிக்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தேன். கிளாக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். யுத்த காலம், விளங்காத சொற்கள் போகாது, தணிக்கைக்காரர் மறிப்பார் என்றார். நத்தையைப் பற்றியது என்றேன். அதன் பிறகு இன்னும் கூடச் சந்தேகப்பட்டார்.

கடிதம்தான். நளீபா எழுதி நானாவின் கையில் கொடுக்க, நான் வாங்கித் தபாலில் போட்டேன். நானா என் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் நீட்டினார்.

செப்டம்பர் 30, திங்கள்

இன்றோடு துரை சொன்ன தவணை முடிகிறது. கடிதம் எந்தக் கடலில் இருக்கிறதோ.

1941 பெப்ரவரி 20, வியாழன்

ஏடு வந்துவிட்டது. செலீன் தேய்த்து வைத்த சட்டையைக்கூட மாற்றாமல் மருந்துச்சாலைக்குப் போனேன்.

நல்ல தாள். நல்ல அச்சு. என்னுடைய ஒரு மணியும் சிதையவில்லை. வாய் இடப்பக்கம். கீழே சின்ன எழுத்தில்: கீறியவர், ஓ. சவுந்தரநாயகம். இருபத்து மூன்று வருடம் இதற்காகக் காத்திருந்தேன் என்று சொல்லலாம். பார்க்கச் சகிக்கவில்லை.

கூடவே துரையின் கடிதம். எங்கள் திருத்தம் அச்சு முடிந்து பன்னிரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்ததாம்.

பன்னிரண்டு நாள். நான் வைத்திருந்தது இருபத்தேழு நாள். இந்தக் கணக்கை நானாவும் போட்டிருப்பார். சொல்லவில்லை.

துரை கோபப்படவில்லை, அதுதான் சங்கடம். வலவாய் என்றால் இது எண்பது வருடத்துக்கு முன்பே மன்னார்க் கடலில் எடுத்துப் பெயர் வைத்த பழைய இனமாக இருக்கலாம், ஒரே ஒரு வித்தியாசம், பழையதற்கு உதட்டில் ஏழு பற்கள். உங்களுடையதற்கு ஐந்து என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்துதான் என்றால் இன்னும் புது இனமே, தயவுசெய்து இன்னொரு தடவை எண்ணவும் என்று கேட்டிருக்கிறார்.

ஐந்து.

மார்ச் 2, ஞாயிறு

போய்ச் சொன்னேன். பத்து நாள் எடுத்தது, ஆனால் சொன்னேன். கீறும்போதே அடியில் இரண்டு நிழல் தெரிந்தது, உங்கள் குறிப்பில் ஐந்து என்று இருந்ததால் விட்டுவிட்டேன் என்று.

நானா, "இப்ப எதுக்கு அதையும் கிளப்புறீங்க?" என்றார். உண்மையான கேள்வி. ஐந்து என்று விட்டிருந்தால் அவளுடைய இனம் பிழைத்திருக்கும். பிறகு ஹமீமா வந்து, ஓட்டைச் சாய்த்து வைக்க என்னுடைய மெழுகு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார். நானும் நானாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். வெளியே ரயில் போனது.

அரை மணித்தியாலம். "ஏழு," என்றாள். "கீழ ரெண்டு மணல் படிஞ்சு ஈந்திருக்கு. நான் கழுவாமப் பாத்திருக்கேன்."

"மகள், கொஞ்சம் யோசி," என்றார் நானா.

"எண்ணினா எண்ணினதுதான் வாப்பா. யோசிச்சா கூடுமா?"

அவர் சிரித்தார். ஆகஸ்டுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. சந்தோசமான சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

புதுப் படம் ஒன்று போட்டேன். முடிந்ததும் உள்ளே கொண்டுபோய், ஓட்டோடு ஒத்துப் பார்த்து, அரை மணித்தியாலம் கழித்துத்தான் வெளியே விட்டாள். அது நியாயம்.

ஜூன் 22, ஞாயிறு

செலீனுக்குக் காய்ச்சல். நானாவின் மருந்து. காசு வாங்க மறுத்தார்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

ஏட்டில் திருத்தம் வந்திருக்கிறது. ஒரு மூலையில் ஒன்பது வரி. எனக்கு மனப்பாடம். தமிழில் எழுதி வைக்கிறேன்:

'முந்திய இதழில் வெளியான படம் கீறியவரால் இடம் வலமாக மாற்றப்பட்டது. ஓட்டின் வாய் வலப்பக்கம். உதட்டின் பற்கள் ஏழு. ஐந்து என்று எழுதியது என் பிழை, கழுவாமல் எண்ணினேன். இது முன்பே அறியப்பட்ட இனம். நான் வைத்த பெயரை யாரும் பயன்படுத்த வேண்டாம். நளீபா நிலாம் (செல்வி), வெள்ளவத்தை, இலங்கை.'

முழுப்பெயர். செல்வி என்பதும். அவளே அப்படிப் போடச் சொன்னதாம். தன் பெயர் முதல் முறை ஒழுங்காக அச்சில் வந்தது தன் இனத்தை அழிப்பதற்காக.

என்னைப் பற்றிய வரி சரி. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. செலீன் வாசித்துவிட்டு, "கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்," என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

திசெம்பர் 3, புதன்

மத்தியானம் நானா அச்சகத்துக்கு வந்தார், லேபல் சாக்கில். தூத்துக்குடியில் ஒரு ஆள் இந்தியக் கரையில் பொறுக்கிய சின்னச் சிப்பிகள் அறுபது குப்பி, ஒன்றுக்கும் பெயர் தெரியாமல் லண்டன் துரைக்கு எழுதினாராம். துரை அவற்றைக் கொழும்புக்கு, செல்வி நிலாமுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். 'தன் எண்ணிக்கையைத் தானே வெட்டுகிற கண்ணைத்தான் நான் நம்புவேன்' என்று எழுதியிருக்கிறார். பெட்டி போன கிழமை கப்பலில் வந்துவிட்டது. அவள் அன்று தொடங்கியதுதான், முன்னறை மேசையையே பிடித்துக்கொண்டாளாம், வெளிச்சம் அங்கேதான் என்று. "ஆக்கள் வந்து போற இடம் எண்டு சொல்லிப் பாத்தேன். கேட்டாத்தானே," என்றார் நானா. குறைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

துரையின் கடிதத்தின் முதல் தாளை மட்டும் எனக்குக் காட்டினார். இரண்டாவது தாள் எங்கே என்றேன். மறந்துவிட்டேன் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பின்னேரம் மருந்துச்சாலை வேலையாள் ஒரு உறை கொண்டுவந்தார். நளீபா அனுப்பியது. இரண்டாவது தாள். அதில் துரை எழுதியிருக்கிறார்: இனிப் படங்கள் தேவைப்பட்டால் லண்டனிலேயே கீறுவித்துக்கொள்வார், கொழும்பில் உள்ள அந்தக் கலைஞரிடம் தயவுசெய்து இனிப் பெற வேண்டாம்.

இரண்டு தடவை வாசித்தேன். வலித்தது. மறைத்திருந்தால் இன்னும் கூட வலித்திருக்கும், எப்போதாவது.

கூட அவளுடைய கடதாசித் துண்டு ஒன்று இருந்தது, தமிழில், மருந்துக் குறிப்பு மாதிரியே:

'இதையும் நீங்கள் வாசிக்க வேண்டும் என்று அனுப்புகிறேன். அறுபதில் பதினொன்றுக்குப் பற்கள் எண்ண வேண்டும். கழுவிவிட்டேன். என் கண் மட்டும் போதாது. ஞாயிறு உங்கள் லென்ஸோடு வரவும். கீறத் தேவையில்லை. நான் எழுதியதை முதலில் காட்டமாட்டேன், நீங்கள் எண்ணிச் சொன்ன பிறகுதான் காட்டுவேன். என்னுடையது பிழை என்றால் அன்றைக்கே சொல்ல வேண்டும்.'

அதே துண்டின் பின்பக்கத்தில் வருகிறேன் என்று எழுதி, காத்துக்கொண்டிருந்த ஆளிடம் கொடுத்துவிட்டேன்.